ஒத்தமணி நிறுத்திய லேப்டாப்

ஓடுகிற ஒன்றை நிறுத்துவதில் எங்கள் ஒத்தமணி அண்ணனை மிஞ்ச ஒரு மனிதர் பெங்களூரில் இதுவரை பிறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தாலும் நிற்காத ஊர் இது. போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினால், அந்தக் கைக்குக் கீழே குனிந்து ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், அடுகோடி ஏரியாவில், ஒரு காம்பவுண்டு முழுவதையும் ஒரே ஒரு மணிச் சத்தத்தில் அப்படியே சிலையாக நிற்க வைத்தவர் அவர்.

அவரும் பெங்களூரில் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம். பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு இவர் பெங்களூருக்கு வந்து, எங்கள் காம்பவுண்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒற்றை அறையில் குடியேறினார். ரேஷன் கார்டில் வேறு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சுரங்கத்தில் அவருக்கு மணியடிக்கிற வேலை. முதல் தடவை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"ஏண்ணா, பூமிக்குள்ள போயி பள்ளிக்கூடம் விட்டீங்களா?"

"சிரி, நல்லா சிரி. நான் ஒரு மணி தப்பா அடிச்சிருந்தேன்னா, கூண்டு நெறைய ஆளுங்க போய்ச் சேந்திருப்பாங்க. சிரிக்க ஆள் இருந்திருக்காது."

பிறகுதான் விளக்கிச் சொன்னார். பூமிக்குள் நேராக இறங்குகிற ஒரு பள்ளம், கிணறு மாதிரி. அதில் இரும்புக் கூண்டு ஒன்று ஏறி இறங்கும். மேலே இன்ஜின் ஓட்டுகிறவருக்குக் கூண்டும் தெரியாது, உள்ளே நிற்கிற ஆளும் தெரியாது. காதில் விழுகிற மணிதான் அவருக்குக் கண். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால், உள்ளே இருப்பது கல் இல்லை, ஆள், பார்த்து மெதுவாக. இன்ஜின்காரர் கேட்ட மணியை அப்படியே திருப்பி அடித்துக் காட்டவேண்டும். அந்தப் பதில் வராமல் கூண்டு அசையாது.

"இதுல ஒத்த மணிதாண்டா பெரிசு. அதக் கேட்டா யோசிக்கக் கூடாது. எதுக்கு அடிச்சான், எவன் அடிச்சான்னு ஒரு நிமிஷம் யோசிச்சின்னு வெச்சிக்கோ, அங்க ஒருத்தன் போயிடுவான். கேட்டதும் கை நிக்கணும். அவ்ளோதான்."

கை நிற்கும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் சாம்பார் வாளிக்காரர் கரண்டியால் வாளியை ஒரு தட்டுத் தட்டினால், இவர் கையில் இருக்கிற இட்லி பாதி வழியில் நிற்கும். பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிற மஞ்சுநாத் இதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் அந்தப் பட்டறையில்தான் கண் மங்குகிற வரைக்கும் வெல்டிங் வேலை செய்தேன். எங்கே விட்டேன்? ஆமாம், மஞ்சுநாத். ஒத்தமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது மஞ்சுநாத் பின்னால் வந்து சைக்கிள் மணியை ஒரு தடவை அடிப்பார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாக இவர் நின்றுவிடுவார்.

"ஏன்ரீ ஒத்தமணி, கரெண்டு போச்சா?"

"டேய் மஞ்சு, எறக்குறதுக்கு ரெண்டு அடிடா பாவி. கை வலிக்குது."

இரண்டு மணி அடித்தால்தான் காலைக் கீழே வைப்பார்.

இந்த ஊரில் விவரம் தெரிந்த ஒரே ஆள் பஸ் கண்டக்டர் என்பது அவருடைய முடிவு. ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். "எங்க ஊர்ல கத்துக்கினு வந்திருப்பான்" என்பார். ஆட்டோக்காரர்கள் மேல் மட்டும் மரியாதை கிடையாது. ஆட்டோவில் ஏறியதும் கம்பியை மூன்று தடவை தட்டுவார். டிரைவர் பதிலுக்கு மூன்று ஹாரன் அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் இறங்கிவிடுவார். இப்படி இறங்கி இறங்கியே ஒரு தடவை அடுகோடியிலிருந்து மார்க்கெட் வரைக்கும் நடந்து போயிருக்கிறார். வழியில் ஏறி இறங்கிய ஆட்டோக்கள் ஒரு ஸ்டாண்டு நிறைய இருக்கும்.

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவரைச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது என் வாழ்க்கையில் நான் எடுத்த துணிச்சலான முடிவுகளில் ஒன்று. பூசையின் நடுவில் பீடத்தில் மணி அடிப்பார்கள். மூன்று அடித்தார்கள். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். இவர் மட்டும் முன் பெஞ்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காலை அகட்டி நின்றார். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "சாமி, ரொம்ப மெதுவா எறக்குனீங்க. கால்ல ஆட்டமே தெரியல" என்று பாராட்டினார். சாமியாரும் எதுவும் புரியாமலே ஆசீர்வாதம் பண்ணிவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு பித்தளை மணியோடு வந்தார். அதை மாட்டுவதற்கு இரும்புக் கம்பமும் கொக்கியும் வெல்டு வைத்துக் கொடுத்தது நான். அந்தக் கொக்கி இன்றைக்கும் அசையவில்லை என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். காம்பவுண்டு நடுவில், குழாய்க்குப் பக்கத்தில், மணி தொங்கியது. கயிறு அவர் அறை வாசலுக்குப் போகும். அவரைத் தவிர யாரும் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. மணியடிக்கப் படிக்காதவன் கையில் மணியைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்பார்.

இரண்டு மணி அடித்தால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மணி அடித்தால் நம் காம்பவுண்டு ஆள் வண்டி ஏறி எங்கேயோ புறப்படுகிறார். ஒரு மணி அடித்தால் எல்லாவற்றையும் நிறுத்து. எதை என்று கேட்கக்கூடாது. செய்துகொண்டிருப்பதை நிறுத்து.

மாடி வீட்டு அமீனாக்காதான் முதலில் எதிர்த்தார். "அரே, நான் எண்ணெய்ல பூரி போட்டேன், நீ மணி அடிச்சே. நிறுத்திக்கினு நின்னா பூரி என்னா ஆவும்?"

"கருகும்."

"அப்ப?"

"பூரிதானே கருகும். ஆள் கருகாதில்ல?"

அமீனாக்கா இதற்குப் பதில் தேடிக்கொண்டே பல மாதங்கள் இருந்தார். கடைசியில் பூரி சுடுவதை விட்டுவிட்டு சப்பாத்திக்கு மாறினார்.

சரி, லேப்டாப் கதைக்கு வருகிறேன்.

என் மகள் ஸ்டெல்லா நர்ஸ். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. வீட்டில் உட்கார்ந்தபடி லேப்டாப்பிலேயே எழுதலாம். ஒரு வெள்ளைக்காரம்மா பேசும், அதைக் காதால் கேட்டுப் பதில் எழுதவேண்டும். பிறகு இவளும் பேசவேண்டும். எங்கேயோ ஓர் அதிகாரி கேமரா வழியாகக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி ரொம்பத் தள்ளி. அதற்குள் அந்த ஆஸ்பத்திரி வேறு ஒருத்தியை எடுத்துக்கொள்ளும். கேட் செய்கிற வெல்டரின் மகள் அவ்வளவு தூரம் படித்து வந்ததே எனக்குப் பெரிது. வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அவளுடைய லேப்டாப் பழசு. அதன் குரல் ரொம்ப மெலிசு. எங்கள் காம்பவுண்டு இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று, சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேரை ஸ்டெல்லா அதில் போட்டு வைத்திருந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர்களிடமிருந்து தகவல் வந்தது. சத்தத்தைக் கூட்டுகிற, குரலை மாற்றுகிற எதுவும் லேப்டாப்பில் இருக்கக்கூடாது. இயர்போன் கூடாது. பதிவு செய்த லேப்டாப்பைத் தவிர வேறு லேப்டாப்பும் கூடாது.

அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாள். மறுநாள் காலையில் வந்து, முகம் கழுவி, லேப்டாப்பைத் திறந்து, அந்தச் சாஃப்ட்வேரை எடுத்துவிடச் சொல்லி ஏதோ அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டில் இரண்டு மணி. தண்ணீர்.

நான் முட்டிவலிக்காரன். என் மனைவி ரோஸி சந்தைக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மணியடித்துவிட்டுத் திரும்பிய ஒத்தமணியைப் பார்த்து வாசலிலேயே சொன்னாள்.

"பெரியப்பா, உள்ள லேப்டாப் ஓடிக்கினு இருக்குது. யாரும் தொடாம பாத்துக்குங்க."

"யாரும் தொடாம பாத்துக்கணும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொல்லாமல் எந்த வேலையையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். பிறகு லேப்டாப்புக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக் கை கட்டி உட்கார்ந்தார். ஓர் ஈ வந்து உட்காரப் பார்த்தது. அதையும் விடவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் போயிருக்கும். லேப்டாப் 'டிங்' என்றது.

ஒரே ஒரு டிங்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை போய்விட்டது. தினமும் ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்துவாள் என்று அவருக்குத் தெரியும். அதை அழுத்தி, அழுத்தியபடியே வைத்துக்கொண்டார். திரை இருண்டது. அதற்குள் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. அவர் மூச்சை விட்டு, வேர்வையைத் துடைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நிறுத்திட்டேன்."

"எதுக்குண்ணா?"

"ஒத்த மணி அடிச்சிதுப்பா. நீ கேக்கல? நல்ல வேளை, நான் இருந்தேன்."

ஸ்டெல்லா குடத்தோடு வந்தாள். இருண்ட திரையைப் பார்த்தாள். குடத்தை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, என் கால் நனைந்தது. மறுபடி திறந்து பார்த்தால், சத்தம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பாட்டு போட்டாள், வாய்தான் அசைந்தது. அந்தச் சாஃப்ட்வேரை எடுக்கப் பார்த்தாள், எடுக்க வரவில்லை என்றது. ஓட வைக்கப் பார்த்தாள், பாதி காணவில்லை என்றது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. போகும்போது லேப்டாப்பின் குரலையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் நிற்கிறது.

"பெரியப்பா, அது ஏதோ கேள்வி கேட்டிருக்கும். அதுக்குத்தான் அந்தச் சத்தம்."

"கேள்வி கேக்க எதுக்கு மணி அடிக்கணும்? வாய் இல்லியா அதுக்கு?"

"இப்ப இல்ல பெரியப்பா" என்றாள் ஸ்டெல்லா. அழுகிற குரலில் சொன்னாலும், அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னை முறைத்தாள்.

பரீட்சை மத்தியானம் மூன்று மணிக்கு. செய்தி பரவியதும் காம்பவுண்டே எங்கள் அறைக்குள் வந்துவிட்டது. எங்கள் ஜனங்களிடம் ஒரு நல்ல குணம். யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லோரிடமும் வைத்தியம் இருக்கும்.

"அரிசி டப்பாவுல பொதைச்சு வை கண்ணு" என்றார் அமீனாக்கா. "என் போன் தண்ணில வுழுந்தப்போ அப்படித்தான் பேச ஆரம்பிச்சிச்சு."

"அக்கா, இது தண்ணில வுழல."

"வுழலன்னா என்னா? அரிசிக்குத் தெரியவா போவுது?"

மஞ்சுநாத் கம்ப்ரெஸரைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். "ஸ்டெல்லா, நீ அப்படி ஓரமா நில்லு. ஒரே ஒரு தடவை ஏர் அடிச்சா உள்ள இருக்குற தூசி, சாஃப்ட்வேரு, எல்லாம் ஹொரகே போயிடும்." வெளியே போயிடும் என்று அர்த்தம். லேப்டாப்பின் பொத்தான்களும் சேர்ந்து போய்விடும் என்று நான்தான் தடுத்தேன்.

சந்தையிலிருந்து வந்த ரோஸி பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தோணியார் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். என் பேரும் அந்தோணிதான். இந்த வீட்டிலிருக்கிற அந்தோணியை அவள் ஒரு காரியத்துக்கும் நம்பியது கிடையாது.

இந்தக் கூச்சலில் ஒத்தமணி மட்டும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இருந்தாலும் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, இது இப்ப நடுவுல நின்னுகினு இருக்குது. அப்படித்தானே?"

"ஆமா பெரியப்பா."

"மேலயும் வர மாட்டேங்குது, கீழயும் எறங்க மாட்டேங்குது."

"ஆமா பெரியப்பா."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் பழைய திமிர் வந்துவிட்டது. "அப்ப இது எங்க வேல. நடுவுல நின்ன கூண்டுலேர்ந்து யாரையும் புடிச்சி இழுக்கக் கூடாது. இழுத்தா கை கால் போயிடும். மொதல்ல அத்த கெளம்பின எடத்துக்கே கொண்டாரணும். ஒழுங்கா நிக்க வெக்கணும். அப்பறம் மறுபடி மணி அடிச்சி, மொத்தமா, ஒரே மூச்சில எறக்கணும். நீ பாதியிலேர்ந்து இழுத்துகினு இருக்கறே."

ஸ்டெல்லா ஒரு கையில் போனை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ப்பா, போன்லயும் இதேதான் போட்டிருக்குது. பாதியில நின்னுட்டா, அந்த சாஃப்ட்வேரையே மறுபடி முழுசா போட்டு, அப்பறம் முழுசா எடுக்கணுமாம்."

"எழுதினது எவனோ எங்க ஊர்க்காரன்தான்" என்றார் ஒத்தமணி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பழைய ஃபைல் லேப்டாப்பிலேயே இருந்தது. ஸ்டெல்லா அதை மறுபடி போட ஆரம்பித்தாள். பச்சைக் கோடு நகர்ந்தது. கோடு கடைசி வரைக்கும் போய், லேப்டாப் அணைந்து மறுபடி எரிந்தது. சிவப்புப் பெருக்கல் குறியைக் காணோம்.

"கெளம்பின எடத்துக்கு வந்துருச்சு பெரியப்பா. இப்ப எறக்கப் போறேன்."

"இரு" என்றார் அவர். எழுந்து என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினார். "அந்தோணி, புடி."

"ஏண்ணா?"

"அது மறுபடி ஒத்த மணி அடிக்கும். அடிச்சா இந்தக் கை என் பேச்சக் கேக்காது. நீ ஒரு கையப் புடி, மஞ்சு ஒரு கையப் புடிக்கட்டும். அமீனா, நீ லேப்டாப்புக்கு முன்னாடி நில்லு. நல்லா அகலமா நில்லு."

"நான் அகலமாத்தான் இருக்கேன், நீ கவலப்படாதே" என்றார் அமீனாக்கா.

நான் வலது கையைப் பிடித்தேன். மஞ்சுநாத் இடது கையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆயுள் முழுக்க இரும்பு தூக்கியவர்கள். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள். கோடு நகர்ந்தது. கால்வாசி. அரைவாசி.

டிங்.

கிழவர் எங்கள் இருவரையும் அப்படியே இழுத்துக்கொண்டு லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தார். என் செருப்பு ஒன்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மஞ்சுநாத் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார், கட்டிலும் கூடவே வந்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று கிழவர் வாய் கத்துகிறது. "நிறுத்தாத கண்ணு, நீ போய்க்கினே இரு!" என்று அதே வாய் அடுத்த மூச்சில் கத்துகிறது. அமீனாக்கா இரண்டு கையையும் விரித்து, "நக்கோ, நக்கோ! வேணாம்!" என்று மறித்தார். சப்பாத்திக்கு மாறியதில் அவர் கொஞ்சமாவது இளைத்திருந்தாரென்றால் அன்றைக்கு என் மகள் எதிர்காலம் போயிருக்கும்.

அப்போது ரோஸிதான் கேட்டாள். "இருங்க. டிங்குன்னு இப்ப சத்தம் வந்திச்சில்ல?"

எல்லோரும் நின்றோம். ஆமாம். லேப்டாப்புக்குக் குரல் திரும்பிவிட்டது. அந்த ஒற்றை டிங்தான் அது திரும்பி வந்து பேசிய முதல் பேச்சு. நாங்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படாமல் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தோம்.

ஸ்டெல்லா நிதானமாகத் திரையைப் படித்தாள். "'நெஜமா எடுத்துடலாமா'ன்னு கேக்குது பெரியப்பா. நிறுத்தச் சொல்லல." ஆமாம் என்று அழுத்தினாள். கோடு கடைசி வரைக்கும் போனது. அந்தச் சாஃப்ட்வேர் மொத்தமாக இறங்கியது. லேப்டாப் மறுபடி எரிந்ததும் பயிற்சிப் பாடத்தைப் போட்டாள். வெள்ளைக்காரம்மா பேசியது.

ஆனால் எவ்வளவு மெலிசாக! கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. மஞ்சுநாத் பட்டறையில் யாரோ ஒரு கம்பியைக் கீழே போட்டார்கள், வெள்ளைக்காரம்மா காணாமல் போனது. மாடியில் குக்கர் விசில் அடித்தது, மறுபடி காணாமல் போனது. சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க இனி எதுவும் உள்ளே இல்லை. ஸ்டெல்லா லேப்டாப் மேல் காதை வைத்துக் கேட்டாள். பரீட்சையில் அப்படிக் குனிய முடியாது, கேமரா பார்க்கும்.

"இவ்ளோதான் இதோட சத்தம்ப்பா. இந்தக் காம்பவுண்டுல எனக்கு எப்படிக் கேக்கும்?"

ஒத்தமணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கேக்கும்" என்றார். "நீ உக்காரு."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வெளியே போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரே ஒரு மணி. நான் அத்தனை வருஷம் கேட்டதில் அவ்வளவு சுத்தமான மணி கிடையாது.

காம்பவுண்டு நின்றது. மஞ்சுநாத் ஓடிப்போய்ப் பட்டறையின் மெயின் ஸ்விட்சையே இறக்கினார். அமீனாக்கா ஈரத்துணியைக் கொடியில் பாதி போட்டபடி நின்றார், மீதிப் பாதி கையிலிருந்து சொட்டியது. மாடிப்படியில் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்துவிட்டார். ரோஸி அடுப்பை அணைத்தாள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன், மூக்கு அரித்தது, சொறியவில்லை. இத்தனை வருஷம் அந்த மணியைக் கிண்டல் செய்த ஜனங்கள். அந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் எப்போதோ பாடமாகிவிட்டது. எங்களுக்கே தெரியாமல் கிழவர் எங்களைப் பழக்கி வைத்திருந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரம்மாவின் குரல் மெலிசாக வாசல் வரைக்கும் வந்தது. பிறகு ஸ்டெல்லாவின் குரல். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் என் மகள் தடுமாறாமல் பேசுகிறாள் என்பது புரிந்தது. அந்த மாதிரி ஓர் அமைதியில் என் மகள் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நடுவில் தெருமுனையில் ஒரு காய்கறி ஆட்டோ. "டொமேட்டோ, ஈருள்ளி, ஆலூகட்டே" என்று ஸ்பீக்கர் கத்திக்கொண்டே வருகிறது. ஒத்தமணியால் கயிற்றை விட்டு வர முடியாது. மஞ்சுநாத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மஞ்சுநாத் கேட்டைத் தாண்டிக் குதித்து ஆட்டோவுக்குக் குறுக்கே விழுந்தார்.

"ஆஃப் மாடப்பா! நம் ஹுடுகி பரீக்ஷை பரீதிதாளே!"

நம்ம பொண்ணு பரீட்சை எழுதுகிறாள் என்று அர்த்தம். 'நம்' என்று சொன்னார். ஆட்டோக்காரர் ஸ்பீக்கரை அணைத்தார். அணைத்ததோடு இல்லாமல் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே எங்கள் தெருவைக் கடந்தார்.

ஸ்டெல்லா முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிற வரைக்கும் ஒத்தமணி கயிற்றை விடவில்லை. அவளைப் பார்த்ததும் இரண்டு மணி அடித்தார். காம்பவுண்டு முழுவதும் ஒரே சமயத்தில் இருமியது.

அவள் பாஸாகிவிட்டாள். காதால் கேட்டு எழுதுகிற பகுதியில்தான் மார்க் அதிகம். "எனக்குத் தெரியும்" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார் ஒத்தமணி. "நான்தான் எறக்குனேன்." லேப்டாப்பை அணைத்ததும் அவர்தான் என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால், "நிறுத்தத் தெரியாதவனுக்கு எறக்கத் தெரியாதுப்பா" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஏர்போர்ட்டுக்குக் கார் வந்த அன்றைக்கு மூன்று மணி அடித்தார். அடித்துவிட்டுக் கயிற்றோடு காத்து நின்றார். கார் டிரைவருக்கு இந்த விஷயம் தெரியாது, அவர் பாட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். ஸ்டெல்லா பின் சீட்டிலிருந்து எட்டி, டிரைவர் தோளுக்கு மேலே கையை விட்டு, மூன்று ஹாரன் அடித்தாள். ஒத்தமணி தலையை ஆட்டினார். அப்புறம்தான் கார் அசைந்தது. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அவர் அழுதார்.

போன வருஷம் அவருடைய மகன் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் வீடு கட்டினான். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போக டெம்போ கொண்டு வந்தான். "மணி இங்கயே இருக்கட்டும்" என்றார் அவர். "அங்க தண்ணி எந்நேரமும் வருதாம். யாருக்கு அடிக்கறது?" சாமான் ஏற்றியாகிவிட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டெம்போ கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் தெருவைப் பார்க்கவில்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை அந்தக் கயிற்றை நான் தொட்டதில்லை. கொக்கி நான் வைத்ததுதான், இருந்தாலும் தொட்டதில்லை. முட்டிவலியோடு எழுந்து போய்ப் பிடித்து அடித்தேன். மூன்று. உள்ளே இருப்பது கல் இல்லை, ஆள். பார்த்து மெதுவாக.

அடித்துவிட்டுக் காத்து நின்றேன். தெரு திரும்புகிற முனையிலிருந்து மூன்று ஹாரன் கேட்டது. அதற்குப் பிறகுதான் கயிற்றை விட்டேன்.